பாட்டுக்கு நடுவே பேசிய மனிதர்

டோரின் டீச்சர் அந்த டேப்பைப் பூந்துவாலையில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் கடை மாடிப்படி ஏறி வந்தார். ஆடிக் காற்று. சாரல் நின்றபாடில்லை. போத்தனூரிலிருந்து உக்கடம் வரைக்கும் பஸ், அங்கிருந்து நடை. கவுன் ஓரமெல்லாம் சேறு தெறித்திருந்தது. பை மட்டும் நனையவில்லை.

கவுன்டர் மேல் வைத்துத் துவாலையைப் பிரித்தார். உள்ளே ஒரு ஸ்பூல் டேப். கேசட் வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சக்கரம், அதில் சுற்றிய பழுப்பு நாடா. ஓரமெல்லாம் சுருங்கிப்போய்க் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பழுப்பாகத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ரெஜி இதுல இருக்காரு மேன்" என்றார் டீச்சர். "கேசட்ல போட்டுக் குடு. நான் மகள்கிட்ட ஆஸ்திரேலியா போறேன். இனிமே வர மாட்டேன். இருபது வருஷமா அவர் குரலை நான் கேக்கல."

ரெஜி அவருடைய வீட்டுக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். மஞ்சள்காமாலையில் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்த மனிதரின் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சக்கரத்தில் மட்டும்தான்.

அதைக் கையில் வாங்கினவன் நான். அழித்தவனும் நான். போன வாரம் இந்தத் தொடரில் கல்யாண மாப்பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டு லிஸ்ட்டைப் பற்றி எழுதினதைப் படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்ததாக நாலைந்து பேர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லீங்க.

பழனி கட்

கதைக்குள் போவதற்கு முன்னால், நான் செய்துகொண்டிருந்த வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது.

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஜவுளிக்கடை மாடியில் எங்கள் ரெக்கார்டிங் சென்டர். முதலாளி மாரப்பண்ணன் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மிச்ச வேலை எல்லாம் நான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், இசைத்தட்டிலிருந்தும் மற்ற கேசட்டுகளிலிருந்தும் எடுத்துக் காலிக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து கொடுப்போம்.

யார் வேண்டுமானாலும் பதியலாம். வித்தை எல்லாம் பதிவை நிறுத்திப் பிடிக்கிற பாஸ் பட்டனில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு ஓய்கிற நொடியில் அமுக்க வேண்டும். அடுத்த பாட்டு மூச்செடுக்கும்போது விட வேண்டும். நடுவில் கரகரப்பு, இருமல், கைதட்டல், எவனோ ஒருவன் பேசுவது, எதுவும் இருக்கக் கூடாது. மற்ற கடைக் கேசட்டில் பாட்டு மாறும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். என் கேசட்டில் வராது. ரேடியோவில் பிடித்த பாட்டாகவே இருந்தாலும், அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் நான் வெட்டியிருப்பேன்.

திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து, "பழனி கட் பண்ணினதுதான் வேணும்" என்று கேட்பார்கள். கேட்கக் கேட்கத் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? ஏறி உட்கார்ந்துகொண்டது. பாட்டு மட்டும்தான் சரக்கு, மிச்சமெல்லாம் குப்பை என்பது என் கைக்கே பழகிப்போன விஷயம். யோசித்துச் செய்வதில்லை. குப்பை வந்தால் விரல் தானாக அமுக்கிவிடும்.

யாராவது செத்தால்

கடையின் கோடியில் ஒரு இங்கிலீஷ் அலமாரி இருந்தது. போத்தனூர் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்ட இசைத்தட்டுகள்தான் அதில் பாதி. அந்த வீடுகளுக்கு எங்களைக் கூட்டிப் போனவர் டோரின் டீச்சர். ரயில்வே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ரிடையரானவர் என்பதால் காலனியில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது.

அந்த அலமாரியை நாங்கள் தூசி தட்டுவது, வெளிநாட்டில் எந்தப் பாடகராவது செத்துப்போனால்தான். நாக்கூசாமல் சொல்கிறேன், அதுதான் உண்மை. ராக், பாப் சரித்திரத்தில் பெரிய பெரிய சம்பவங்கள் எல்லாம் எங்கள் கடைக்குச் சாவுச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தன.

ஒரு பங்குனி கடைசியில், அமெரிக்காவில் ஒரு ராக் பாடகன் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்துபோனான். என்னைவிட ஒரு வயது இளையவன். செய்தி இங்கிலீஷ் பேப்பரில் வந்த அன்றைக்கே பீளமேட்டுப் பக்கமிருந்து காலேஜ் பையன்கள் வந்துவிட்டார்கள். அந்த வெயிலிலும் அவன் போடுகிற மாதிரியே கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. எல்லாருக்கும் ஒரே கேசட் வேண்டும். அதில் ஒருவன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏனுங்ணா இப்படிப் பண்ணீட்டான்?" என்று என்னைக் கேட்டான். எனக்கென்னப்பா தெரியும், லிஸ்ட்டைக் குடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அவனோடு இரண்டு வார்த்தை பேசியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்?

நிஜமாகவே எனக்குத் தெரியாதுதான். இங்கிலீஷ் பாட்டு எனக்குத் தெரியும், இங்கிலீஷ் பேச்சு தெரியாது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கிடார் அழும், எந்த இடத்தில் டிரம்ஸ் விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஆள் வாயால் என்ன சொல்கிறான் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை.

ஒரு தடவைதான் ஓடும்

டீச்சரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. இந்த நாடா ரொம்பப் பழசாகிவிட்டது, ஓட ஓட மேல்பூச்சு உரிந்துகொண்டே வரும், ஒரு தடவைதான் ஓடும் என்று சொன்னேன். அந்தப் பூச்சில்தான் சத்தம் இருக்கிறது, அது போனால் போனதுதான் என்றும் சொன்னேன்.

"ஒரு தடவை போதும். நீ நல்லாப் பண்ணுவேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ பண்றப்ப நானும் கூட உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்குக் கை ஓடாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்கூட இல்லை. நாளன்னிக்கு வந்து வாங்கிக்கோங்க டீச்சர் என்று அனுப்பிவிட்டேன். அவர் துவாலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவரை உட்கார வைத்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். முப்பது வருஷமாக இதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பரண்மேல் கிடந்த ஸ்பூல் மெஷினை இறக்கினேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். ஒரு பெரிய ஹாலின் சத்தம் காதில் விழுந்தது. மரத் தரையில் பூட்ஸ் கால்கள் தேய்கிற சத்தம், கண்ணாடி டம்ளர்கள், கிடார் சுருதி கூட்டுவது. பிறகு ஒருவர் பாட ஆரம்பித்தார். அடடா, என்ன குரல் தெரியுமா. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பிழியல். ரெஜி என்னமாப் பாடறார் மனுஷன் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படிப் பாடுகிறவரோடு வாழ்ந்துவிட்டு, அவர் குரலைக் கேட்காமல் இருபது வருஷம் இருந்திருக்கிறாரே டீச்சர் என்று பரிதாபமாக இருந்தது.

ஆனால் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும், நடுவில் வேறொரு ஆள் பேச வந்துவிடுவான். கட்டைத் தொண்டை. இரண்டு வார்த்தை பேசி அவனே சிரிப்பான், கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். அவன் தொண்டையைக் கனைத்ததுமே நான் பாஸ் பட்டனை அமுக்கிவிடுவேன். கேசட் நின்றுவிடும், நாடா மட்டும் ஓடும்.

நாலாவது பாட்டுக்கு அப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. முதலில் ஏதோ சொன்னான், ஹால் முழுக்க கப்சிப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் பேச ஆரம்பித்தவன் பேசிக்கொண்டே போனான். நாலு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ. ஒரு விரல் பாஸ் பட்டனில், இன்னொரு கையில் பஞ்சு. உதிர்ந்த பழுப்புத் தூளைத் துடைத்துத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேனே தவிர, அவன் பேச்சு என் காதில் ஏறவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் வாய்விட்டே திட்டிவிட்டேன்.

மாரப்பண்ணன் பேப்பரை இறக்கி, யாரைத் திட்டறே என்று கேட்டார்.

"எவனோ ஒருத்தனுங்ணா. டீச்சர் ஊட்டுக்காரரைப் பாட உடாமப் பேசீட்டே இருக்கறான்" என்றேன்.

ஆறு பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்தபோது நாடா மூன்று இடத்தில் அறுந்துபோய், பழுப்பெல்லாம் உரிந்து, வெங்காயச் சருகாட்டம் ஆகியிருந்தது. பரவாயில்லை, பாட்டு கேசட்டுக்கு வந்துவிட்டது. ஒரு இருமல்கூடக் கிடையாது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான். மேலட்டையில் ரெஜியின் பெயரை முத்து முத்தாக எழுதினேன். டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு போகும்போது அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

ரெஜி எங்க?

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கோபமாக வரவில்லை. வழி தெரியாதவர் யாரிடமாவது விசாரிக்க வருவாரே, அப்படி வந்தார். கேசட்டைக் கவுன்டர் மேல் வைத்தார்.

"ரெஜி எங்க மேன்?"

நான் சிரித்துக்கொண்டே, அதுதான் ஆறு பாட்டுப் பாடியிருக்காரே டீச்சர் என்றேன்.

"அது நோயல். பக்கத்து லைன் பையன். ரெஜிக்குப் பாட்டே வராது. சர்ச்லகூட வாயை மட்டும்தான் அசைப்பார்." அப்புறம் மெதுவாகக் கேட்டார். "நடுவுல பேசுவாரே, அது எங்க?"

கேசட்டை எடுத்து, மேலட்டையில் நான் எழுதின பெயரைப் பார்த்தேன். காலனிக்காரர்களின் கிளப்பான ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் டான்ஸ் நடந்தால் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பாட்டையும் அறிவிக்கிற ஆள்தான் ரெஜி. போத்தனூர் காலனியில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் டீச்சர் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. டேப்பில் இருக்கிறார் என்றால் பாடுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். பேச்செல்லாம் வேஸ்ட் என்று வெட்டுவதுதானுங்க எங்க பழக்கம் என்று உளறினேன். மாரப்பண்ணன் எழுந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். டீச்சர் உட்கார்ந்தார்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னது இது. எனக்குச் சொன்ன மாதிரியே இல்லை, சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டில் டான்ஸ். ரெஜி கூட்ஸ் வண்டி டியூட்டி முடிந்து ஈரோட்டிலிருந்து நேரே வந்திருக்கிறார். ஈரோட்டில் கார்டுகள் ஓய்வெடுக்கிற அறையில் யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் உலகத்தையே ஆட வைத்த அந்த நாலு பேர் குழு பிரிந்துவிட்டது என்று அதில் செய்தி. ரெஜிக்கு ஒரு செய்தி தெரிந்தால் வாயில் நிற்காது. நாலாவது பாட்டு முடிந்ததும் மைக்கில் போட்டு உடைத்துவிட்டார்.

பாடிக்கொண்டிருந்த நோயலுக்கு உயிரே அந்த நாலு பேர்தான். தலைமுடிகூட அவர்களைப் போலத்தான் வெட்டியிருப்பானாம். கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைக்கூட விடாமல் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தான்தானே இதைக் கிளப்பிவிட்டோம் என்று ரெஜிக்குச் சங்கடம். அந்தப் பையன் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது, அவன் தேறும்வரை கூட்டம் தன்னையே பார்க்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேச ஆரம்பித்திருக்கிறார். கொடுமுடிப் பக்கம் தண்டவாளத்தில் எருமை வந்து நின்றதைச் சொன்னார். இன்ஜின் டிரைவரைக் கிண்டல் செய்தார். அப்புறம் பேச்சு டீச்சர் பக்கம் திரும்பிவிட்டது. பிளாட்பாரத்தில் டீச்சரை முதல்முதலாகப் பார்த்ததிலிருந்து ஆரம்பித்து, வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் ஊர் முன்னால் மைக்கில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

"நான் டீ மேஜைகிட்ட நின்னுட்டிருந்தேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு மானம் போச்சு. காதைப் பொத்திட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்னுட்டேன். நாலு நாள் அவர்கிட்டப் பேசல."

அதைப் பதிந்து வைத்திருந்தவர் காலனிக்காரர் ஒருவர். ரெஜி இறந்த அடுத்த வருஷம் அவரும் வெளிநாடு கிளம்பினார். போகும்போது, ரெஜி உன்னைப் பத்திப் பேசினது இதுல இருக்கு என்று சொல்லி அந்தச் சக்கரத்தை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் கேட்கப் பயமாக இருந்ததாம். பிறகு கேட்க மெஷின் கிடைக்கவில்லை.

"முழுசா என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது மேன். அன்னைக்கு நான் கேக்கல. டேப்ல இருக்கு, என்னைக்காவது கேட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

கூடையில் கிடந்தது

அறுந்த நாடாவை ஒட்டி ஒட்டி ஒரு வாரம் போராடினேன். ஓட்டும்போதெல்லாம் 'உஸ்' என்ற இரைச்சல்தான். ஒரே ஒரு இடத்தில் ஏதோ ஒரு சிரிப்பு மாதிரி கேட்டது. திருப்பிப் போடுவதற்குள் அதுவும் இல்லை. வானொலி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுல இனி ஒண்ணுமில்லீங்க தம்பி என்றார். கடைக்கு வந்து குப்பைக் கூடையைக்கூடத் துழாவினேன். பழுப்பு ஏறிய பஞ்சு நாலைந்து கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? என் மனைவி கேட்டபோது அவளிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

டீச்சர் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் போத்தனூர் போனேன். அந்தச் சக்கரத்தையாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமே. வீட்டில் சாமான் ஒன்றுமில்லை. இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டவ். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் பெட்டி மேல் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மன்னிச்சுக்கோங்க டீச்சர் என்றேன். நீ வேணும்னேவா பண்ணினே என்று தலையை ஆட்டினார். அவர் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

வெளியே ஷன்டிங் இன்ஜின் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு அவர் முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீ கேட்டே இல்ல பழனி? ஹெட்போன்ல நீ ஒருத்தன்தான் கேட்டிருக்கே. என்ன சொன்னார்?"

எனக்கு இங்கிலீஷ் புரியாது டீச்சர், பாட்டு எப்ப வரும்னு பாத்துட்டு இருந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்ப வேண்டும் போல இருந்தது.

"உங்களைப் பத்தித்தானுங்க டீச்சர் பேசினாரு" என்றேன். "எனக்கு முழுசாப் புரியலீங்க. ஆனா டோரின், டோரின்னு நாலஞ்சு தடவை உங்க பேரைச் சொன்னாருங்க. அது நல்லாக் கேட்டுச்சு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவி, நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் அது மெல்ல அணைந்துபோனது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"ரெஜி ஒரு நாளும் என்னை டோரின்னு கூப்பிட்டதில்ல" என்றார்.

அப்படியென்றால் எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. தம்ளரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீ ஆறுது, குடி" என்றார் டீச்சர்.